டனல் ஏறிவிட்டது, எதுவும் ஓடவில்லை: வயர்கார்டு பிழைகளை அறிகுறி வைத்துப் பிடித்தல்

இரண்டு கணினிகளுக்கு இடையே மறைகுறியிட்ட விபிஎன் டனல் அமைக்கும் வயர்கார்டு மென்பொருள் பிழைச் செய்தி தருவது அரிது. தெரியாத பேக்கெட் வந்தால் "யார் நீ" என்றுகூடக் கேட்காமல் கீழே போட்டுவிடும். வடிவமைப்பே அப்படித்தான்: போர்ட்டைத் துழாவி வருபவனுக்கு அங்கே ஒன்றுமே இல்லாதது போலத் தெரிய வேண்டும். பாதுகாப்புக்கு நல்லது, பிழை தேடுபவருக்குத் தலைவலி. சாவி தவறாக இருந்தாலும், போர்ட் மூடியிருந்தாலும், சர்வரே அணைந்து கிடந்தாலும் கிளையன்ட் பக்கம் ஒரே மௌனம்தான். ஆகவே கான்ஃபிக் கோப்பைத் திறந்து கைக்கு வந்ததை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. இரண்டு முனையிலும் பைட் கணக்கைப் படியுங்கள். எந்த எண் ஏறுகிறது, எது ஏறவில்லை என்று பார்த்தாலே எங்கே அறுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கட்டளைகளும் பிழைச் செய்திகளும் இங்கே ஒலிக்கிறபடி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்தில் தட்டுங்கள்.

இன்டர்ஃபேஸே உருவாகவில்லை: "ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்" அல்லது "அன்நோன் டிவைஸ் டைப்"

இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்கு வயர்கார்டு தெரியவில்லை என்று பொருள். லினக்ஸ் கர்னலில் அது சேர்ந்தது 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில். உபுண்டு 20.04 போன்றவை 5.4 கர்னலிலேயே அதைப் பின்கொணர்ந்து சேர்த்துவிட்டன. அதற்கும் பழையது என்றால் டிகேஎம்எஸ் (கர்னலுக்கு ஏற்ப மாட்யூலைக் கட்டித்தரும் கருவி) வழியாக மாட்யூலைத் தனியே கட்ட வேண்டும்.

புது கர்னலிலும் இந்தச் செய்தி வந்தால் முதல் சந்தேகம், அப்டேட் போட்டுவிட்டு ரீபூட் செய்யாதது. ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல். அதன் மாட்யூல்களைப் பேக்கேஜ் மேனேஜர் அழித்திருக்கும். "யூநேம் -ஆர்" காட்டும் பதிப்பும் "லிப்/மாட்யூல்ஸ்" கோப்புறையில் இருக்கும் பெயரும் பொருந்துகின்றனவா பாருங்கள். பொருந்தவில்லையா, ரீபூட் செய்தால் போதும்.

கன்டெய்னர் வகை விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வரில்) கர்னல் உங்களுடையதல்ல, ஹோஸ்ட்டினுடையது. அங்கே மாட்யூலை ஏற்ற முடியாது. "டன்" எனும் மெய்நிகர் வலைச் சாதனத்துக்கு அனுமதி இருந்தால் "வயர்கார்டு-கோ" என்ற யூசர்ஸ்பேஸ் வடிவத்தை ஓட்டலாம். வேகம் குறையும், வேலை நடக்கும்.

டிகேஎம்எஸ் வழியில் கட்டிய மாட்யூல், செக்யூர் பூட் இயங்கும் இயந்திரத்தில் "ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள்" அல்லது "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று மறுக்கப்படலாம். மாட்யூலுக்குக் கையெழுத்து இல்லை என்பதே இதன் பொருள். இதே முதல் வாசகம் பிறகு பிங் போடும்போதும் வரும். அங்கே அதன் அர்த்தம் முற்றிலும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பிங் பிழைக்காக பயாஸ் திரையில் செக்யூர் பூட்டை அணைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கான்ஃபிக் கோப்பை ஏற்க மறுக்கிறது

"கீ இஸ் நாட் த கரெக்ட் லெங்த் ஆர் ஃபார்மட்" என்றால் சாவியின் நீளம் தவறு. சாவி 32 பைட். பேஸ்64 வடிவில் சரியாக 44 எழுத்து, கடைசி எழுத்து எப்போதும் சமக்குறி. மவுஸில் இரட்டைக் கிளிக் செய்து நகலெடுக்கும்போது அந்தச் சமக்குறி பல டெர்மினல்களில் விடுபட்டுப் போகும்.

"லைன் அன்ரெகக்னைஸ்டு" என்று "அட்ரஸ்" வரியையோ "டிஎன்எஸ்" வரியையோ சுட்டினால், டனலை ஏற்றி இறக்கும் "டபிள்யூஜி-குவிக்" ஸ்கிரிப்டின் கோப்பை நேராக "டபிள்யூஜி செட்கான்ஃப்" கட்டளைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அட்ரஸ், டிஎன்எஸ், எம்டியு, டேபிள், போஸ்ட்அப், சேவ்கான்ஃபிக் போன்றவை குவிக் ஸ்கிரிப்டுக்கு மட்டுமே புரியும். "டபிள்யூஜி-குவிக் ஸ்டிரிப்" அவற்றை உரித்துத் தரும்.

கோப்பின் பெயரும் இன்டர்ஃபேஸ் பெயரும் ஒன்றே என்பதால், பின்னொட்டு நீங்கலாக 15 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. இடைவெளியும் ஆகாது.

"ரிசால்வ்கான்ஃப்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வந்து டனல் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டால், டிஎன்எஸ் வரியை அமல்படுத்த ஆள் இல்லை. ஓபன்ரிசால்வ் பேக்கேஜை நிறுவுங்கள், அல்லது சிஸ்டம்டி-ரிசால்வ்டு தரும் அதே பெயருள்ள இணைப்பைப் பயன்படுத்துங்கள். பிழை இதுதானா என்று உறுதிசெய்ய அந்த டிஎன்எஸ் வரியைத் தற்காலிகமாக எடுத்துப் பாருங்கள்.

கோப்பில் செய்த திருத்தம் மறுபடி மறுபடி காணாமல் போகிறதா? "சேவ்கான்ஃபிக்" உண்மை என்று இருக்கும். டனலை இறக்கும்போது நினைவகத்தில் உள்ள அமைப்பை அது கோப்பின் மேல் எழுதிவிடும். நடுவில் நீங்கள் எழுதியது போய்விடும், குறிப்பு வரிகளும் சேர்ந்தே போகும். எங்கள் கருத்தில் அந்த வரி இருக்கவே வேண்டாம்.

ஹேண்ட்ஷேக் நடக்கவே இல்லை

இரு முனையும் சாவியைச் சரிபார்த்து இணையும் முதல் பரிமாற்றமே ஹேண்ட்ஷேக். பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். "டபிள்யூஜி ஷோ" காட்டும் பட்டியலில் "லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்" வரியே இருக்காது. இங்கே மூன்று எண்களை மனதில் வையுங்கள்: ஹேண்ட்ஷேக் தொடக்கப் பேக்கெட் 148 பைட், பதில் 92 பைட், இணைப்பை உயிரோடு வைக்கும் வெற்றுக் கீப்அலைவ் 32 பைட். பதில் வராதவரை கிளையன்ட் சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை 148 பைட்டை மறுபடி அனுப்பும். "டபிள்யூஜி ஷோ டபிள்யூஜி0 டிரான்ஸ்ஃபர்" என்று கேட்டால் கிபிபைட்டாகச் சுருக்காமல் துல்லியமான பைட் கணக்கைத் தரும். முதலில் பெற்றது, அடுத்து அனுப்பியது.

கிளையன்ட் அனுப்பியது 0 என்றால் அது இன்னும் முயலவே இல்லை. அனுப்ப எதுவும் இல்லாதவரை வயர்கார்டு வாயே திறக்காது. டனலுக்கு உள்ளே இருக்கும் சர்வர் முகவரிக்கு ஒரு பிங் போடுங்கள். "டெஸ்டினேஷன் அட்ரஸ் ரிக்வயர்டு" என்று வந்தால் அந்தப் பியருக்கு (எதிர்முனைக்கு) எண்ட்பாயின்ட், அதாவது வெளி முகவரியும் போர்ட்டும், இல்லை. "ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள்" என்று வந்தால், அந்த முகவரி எந்தப் பியரின் "அலவ்டுஐபீஸ்" பட்டியலிலும் இல்லை. வயர்கார்டு வாய்திறந்து சொல்லும் வெகுசில பிழைகளில் இவை இரண்டு, தவறவிடாதீர்கள்.

கிளையன்ட் அனுப்பியது 148, 296, 444 என்று ஏறுகிறது, பெற்றது 0, சர்வர் பக்கக் கணக்கில் அசைவில்லை: இனி சர்வரில், வந்துபோகும் பேக்கெட்டுகளைக் காட்டும் "டிசிபிடம்ப்" ஓட்டி, பொது இன்டர்ஃபேஸில் யுடிபி 51820 போர்ட்டைக் கவனியுங்கள். டிசிபிடம்ப் பார்ப்பது ஃபயர்வாலுக்கு முந்தைய நிலையை. அதுதான் இதன் அருமை.

பேக்கெட் தெரியவே இல்லையென்றால் தவறு வழியில். கிளவுட் சேவையின் தனி ஃபயர்வாலை மறந்திருக்கலாம். சர்வருக்குள் என்ன திறந்தாலும் அது வெளியிலேயே மறித்துவிடும். 51820 திறந்திருக்கிறது, ஆனால் டிசிபிக்கு என்பது மிகச் சாதாரணமாக நடப்பது. வயர்கார்டு யுடிபி மட்டுமே பேசும்; டெல்நெட் போட்டு "போர்ட் திறக்கவில்லையே" என்று சோதிப்பதும் இதே காரணத்தால் பயனற்றது. வீட்டு ரூட்டருக்குப் பின்னால் சர்வர் இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங்கைப் பாருங்கள். ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் இணையச் சேவையே உங்களை "நாட்" எனும் முகவரி மாற்றத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் பக்கம் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் ஐபிவி4 வழியாக யாரும் உள்ளே வர முடியாது. பொது முகவரியுள்ள முனையைச் சர்வராக்குங்கள்.

பேக்கெட் வந்து சேர்கிறது, வயர்கார்டு கண்டுகொள்ளவில்லை என்றால் இரண்டே வழி: சர்வரின் சொந்த ஃபயர்வால், அல்லது சாவி. இதைப் பிரிக்க லினக்ஸ் கர்னலின் டைனமிக் டீபக் உதவும். டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள "டைனமிக்_டீபக்/கண்ட்ரோல்" கோப்பில் "மாட்யூல் வயர்கார்டு +பி" என்று எழுதிவிட்டு "டிமெசெக்" பாருங்கள். செக்யூர் பூட்டால் பூட்டப்பட்ட கர்னல் எழுத விடாமல் போகலாம். செய்தி எதுவும் வரவில்லையென்றால் ஃபயர்வால். "இன்வேலிட் மேக் ஆஃப் ஹேண்ட்ஷேக்" என்றால் கிளையன்டிடம் இருக்கும் சர்வர் பொதுச் சாவி தவறு. "இன்வேலிட் ஹேண்ட்ஷேக் இனிஷியேஷன்" என்றால் சர்வருக்குக் கிளையன்டின் பொதுச் சாவி தெரியவில்லை. அல்லது கடிகாரம், அதற்குக் கீழே வருகிறோம். சாவியைக் கண்ணால் ஒப்பிட்டு நம்ப வேண்டாம். ஒவ்வொரு முனையிலும் "டபிள்யூஜி ஷோ டபிள்யூஜி0 பப்ளிக்-கீ" கொடுத்து, வரும் விடையை எதிர்முனையின் பியர் பகுதியில் ஒட்டுங்கள். தனிச் சாவியைப் பொதுச் சாவி இடத்தில் ஒட்டினாலும் 44 எழுத்து இருப்பதால் மென்பொருள் மறுக்காது. அப்படி ஒட்டிவிட்டீர்கள் என்றால் அந்தச் சாவி வெளியே போய்விட்டதாகக் கொண்டு புதிது உருவாக்குங்கள்.

சர்வரில் பெற்றது 148இன் மடங்கு, அனுப்பியது 92இன் மடங்கு, கிளையன்ட் பெற்றது இன்னும் 0: சர்வருக்குக் கேட்கிறது, பதிலும் சொல்கிறது, அது போய்ச் சேரவில்லை. திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது என்று முடிவுகட்டும் முன் கிளையன்ட் பக்கமும் டிசிபிடம்ப் ஓட்டுங்கள். 92 பைட் பேக்கெட் அங்கே வந்து இறங்குவது தெரிந்தால் அது கிளையன்டின் ஃபயர்வால், அல்லது "பிரீஷேர்டுகீ" இரு பக்கமும் பொருந்தவில்லை. பொதுவாக அந்த இரண்டாம் சாவி பதில் பேக்கெட்டில்தான் கலக்கப்படுகிறது. அதனால் அது தவறாக இருந்தால் சர்வருக்குக் குறையே தெரியாது. கிளையன்ட்தான் "இன்வேலிட் ஹேண்ட்ஷேக் ரெஸ்பான்ஸ்" என்று தள்ளிவிடும்.

நேற்றுவரை ஓடியது, மின்தடைக்குப் பிறகு ஹேண்ட்ஷேக் இல்லை

கடிகாரம். ஒவ்வொரு தொடக்கப் பேக்கெட்டிலும் நேரமுத்திரை இருக்கும். ஒரு பியரிடமிருந்து கடைசியாகப் பார்த்த முத்திரையைவிடப் புதியதாக இல்லாததைச் சர்வர் மறுபதிவுத் தாக்குதல் என்று எண்ணித் தள்ளும். ராஸ்பெர்ரி பை போல மின்கலக் கடிகாரம் இல்லாத கருவிகள் பலவும் எழும்போது பழைய நேரத்தில் எழுகின்றன. சர்வரின் நேரம் சரியாக இருப்பது இங்கே பொருட்டல்ல. கிளையன்டின் நேரம் பின்னோக்கிப் போகாமல் இருந்தால் போதும்.

சர்வரில் அந்தப் பியரை நீக்கிச் சேர்த்தால் பழைய முத்திரை மறந்து உடனே இணையும், ஆனால் அது ஒரு நாள் வைத்தியம். நிலையான தீர்வு, நேர ஒத்திசைவு முடிந்த பிறகே வயர்கார்டு ஏறும்படி சிஸ்டம்டி வரிசையை அமைப்பது. கருவிக்கு இணையமே டனல் வழியாகத்தான் என்றால் நேரம் ஒத்திசைக்கும் என்டிபி போக்குவரத்தை மட்டும் டனலுக்கு வெளியே விட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் நேரம் கிடைக்க டனல் வேண்டும், டனல் கிடைக்க நேரம் வேண்டும்.

ஹேண்ட்ஷேக் இருக்கிறது, பிங் போகவில்லை

அலவ்டுஐபீஸ் என்ற பெயர் பலரைத் தவறான வழியில் இழுத்துவிடுகிறது. அனுப்பும்போது அது ரூட்டிங் பட்டியல்: இந்த முகவரிக்கான பேக்கெட்டை எந்தப் பியரின் சாவியால் பூட்டுவது என்பதை முடிவுசெய்கிறது. பெறும்போது அதுவே வடிகட்டி: மறைகுறி நீக்கிய பேக்கெட்டின் மூல முகவரி அந்தப் பியரின் பட்டியலில் இல்லையென்றால் பேச்சில்லாமல் கீழே போடும்.

இதிலிருந்து ஒரு பிழை கிளைக்கிறது. சர்வரில் இரண்டு பியருக்கும் 10.8.0.0/24 என்று எழுதினால் ஒரே வரம்பு இருவருக்கும் சொந்தமாக முடியாது. கடைசியாகச் சேர்த்தவர் எடுத்துக்கொள்வார், முந்தையவரின் பட்டியல் காலியாகிவிடும். புது ஆளைச் சேர்த்ததும் பழைய ஆள் விழுந்தார் என்றால் இதுதான். சர்வர் பக்கம் ஒவ்வொரு கிளையன்டுக்கும் 10.8.0.2/32, 10.8.0.3/32 என்று தனித்தனியே எழுதுங்கள்.

சர்வர் வரை பிங் போகிறது, அதற்கு அப்பால் போகவில்லை என்றால் சர்வரில் இரண்டு டிசிபிடம்ப். முதலில் டபிள்யூஜி0 மீது: பேக்கெட் உள்ளே வர வேண்டும். பிறகு வெளி இன்டர்ஃபேஸ் மீது: அங்கே எதுவும் வெளியேறவில்லையென்றால் "நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு" 0 ஆக இருக்கிறது, அல்லது ஃபயர்வாலின் ஃபார்வர்டு செயின் தடுக்கிறது. டாக்கர் நிறுவியிருந்தால் பின்னதைச் சந்தேகியுங்கள். அது ஃபார்வர்டு செயினின் பொது விதியை டிராப் என்று மாற்றிவைக்கும். அனுமதி விதியை டாக்கர்-யூசர் செயினில் சேர்க்க வேண்டும். வெளியேறுகிறது, ஆனால் மூல முகவரி இன்னும் 10.8.0.2 என்றே இருக்கிறதா? மூல முகவரியைச் சர்வரின் முகவரியாக மாற்றும் மாஸ்கரேட் வேலை செய்யவில்லை. எங்கிருந்தோ நகலெடுத்த போஸ்ட்அப் வரியில் இன்டர்ஃபேஸ் "ஈத்0" என்று இருக்கும், உங்கள் சர்வரில் அது "ஈஎன்எஸ்3" ஆக இருக்கும். "ஐபி ரூட் கெட் 1.1.1.1" உண்மைப் பெயரைச் சொல்லும்.

சிறிது நேரம் நமக்கு, சிறிது நேரம் இன்னொருவருக்கு என்று டனல் மாறி மாறி ஓடினால் இரண்டு கருவிகள் ஒரே தனிச் சாவியைப் பகிர்கின்றன. சர்வரில் அந்தப் பியரின் எண்ட்பாயின்ட் முகவரி ஊஞ்சலாடுவதே சாட்சி. ஆளுக்கு ஒன்றல்ல, கருவிக்கு ஒரு சாவி.

பிங் போகிறது, இணையப் பக்கம் தொங்குகிறது

எஸ்எஸ்எச் உள்ளே விடும், நீளமான பட்டியல் கேட்டதும் உறையும். சிறு பேக்கெட் போகிறது, பெரியது போகவில்லை: எம்டியு, அதாவது ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு.

கணக்கு எளிது. வயர்கார்டின் சுமை 32 பைட், யுடிபி தலைப்பு 8, ஐபிவி4 தலைப்பு 20 அல்லது ஐபிவி6 தலைப்பு 40. ஆக 60 அல்லது 80. 1500இல் 80 போனால் வழக்கமான 1420. பிபிபிஓஇ இணைப்பில் 1492 என்பதால் 1412. குவிக் ஸ்கிரிப்ட் தன் இயந்திரத்தின் இன்டர்ஃபேஸைப் பார்த்துத்தான் எண்ணைத் தேர்கிறது. நடுவழியில் இருக்கும் ரூட்டரின் குறுகல் அதற்குத் தெரியாது.

அளக்க, டனலை இறக்கிவிட்டுச் சர்வரின் பொது முகவரிக்கு "பிங் -எம் டூ -எஸ் 1472" போடுங்கள்; ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்கிலும் "-எம் டூ" இடத்தில் பெரிய எழுத்து "-டி". போகாவிட்டால் எட்டெட்டாகக் குறையுங்கள். போன மிகப் பெரிய எண்ணோடு 28 கூட்டினால் பாதையின் எம்டியு. அதில் 80 கழித்தால் டனலுக்கு. 1464 போனால் 1492, எனவே 1412. அளக்க நேரமில்லையா, 1280 போடுங்கள். அதற்குக் கீழே இறங்கினால் ஐபிவி6 அந்த இன்டர்ஃபேஸில் செயல்படாது.

சர்வருக்குப் பின்னால் உள்ள மற்ற இயந்திரங்கள் மட்டும் தொங்கினால் ஃபார்வர்டு செயினில் "டிசிபிஎம்எஸ்எஸ்" இலக்கைக் "கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியு" தெரிவோடு சேருங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி, பிறகு வெளியிலிருந்து எட்ட முடியவில்லை

"நாட்" முகவரி மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் முனையில் "பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ்" 25 என்று வையுங்கள். ரூட்டர் தன் யுடிபி பதிவை மறப்பதற்குள் ஒரு 32 பைட் பேக்கெட் போய்க்கொண்டிருக்கும். பொது முகவரியுள்ள சர்வரில் இது தேவையில்லை.

கடைசி ஹேண்ட்ஷேக் ஒரு மணி நேரத்துக்கு முன் என்று காட்டுவது தானே பிழை ஆகாது. போக்குவரத்து இல்லாத டனல் அப்படித்தான் கிடக்கும். போக்குவரத்து இருக்கும்போது ஏறத்தாழ 120 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். பிங் போட்டுக்கொண்டே 180 விநாடியைத் தாண்டினால்தான் கவலை.

சர்வரின் முகவரி மாறும் வகை என்றால் இன்னொன்று: எண்ட்பாயின்டில் டொமைன் பெயர் கொடுத்தாலும் அது ஏற்றும்போது ஒருமுறை மட்டுமே முகவரியாக மாற்றப்படுகிறது. முகவரி மாறினால் கிளையன்ட் பழைய இடத்தையே தட்டிக்கொண்டிருக்கும். வயர்கார்டு-டூல்ஸுடன் வரும் "ரீரிசால்வ்-டிஎன்எஸ்" ஸ்கிரிப்டை 30 விநாடி டைமரில் ஓட்டினால் தீரும்.

அலவ்டுஐபீஸில் 0.0.0.0/0 போட்டதும் எஸ்எஸ்எச் அறுந்தது

தொலைவில் இருக்கும் சர்வரைக் கிளையன்டாக்கி எல்லாப் போக்குவரத்தையும் டனலுக்குள் திருப்பினால், உங்கள் எஸ்எஸ்எச் பதில்களும் டனலுக்குள் போய்விடும். அதனால் முதல்முறை ஏற்றும்போது, "ஸ்லீப் 120" முடிந்ததும் டனலை இறக்கும் வரியை "நோஹப்" மூலம் பின்னணியில் ஓடவிட்ட பிறகே ஏற்றுங்கள். அறுந்தாலும் இரண்டு நிமிடத்தில் கதவு திறக்கும்.

"ஐபி ரூட்" பட்டியலில் புதிதாக எதுவும் இல்லையே என்று குழம்ப வேண்டாம். லினக்ஸில் குவிக் ஸ்கிரிப்ட் முழுத் திருப்பலை வழக்கமாக 51820 என்ற தனிப் பட்டியலில் வைக்கும். "ஐபி ரூல்" அதைக் காட்டும். "::/0" சேர்க்க மறந்தால் ஐபிவி6 போக்குவரத்து டனலுக்கு வெளியே ஓடும், எல்லாம் நன்றாக நடப்பது போலவே தோன்றும். இரு முனையின் உள்வலையும் 192.168.1.0/24 என்றால் எந்த வரியாலும் சரியாகாது. ஒரு பக்கத்தின் எண்களை மாற்றுங்கள்.

லினக்ஸ் அல்லாதவற்றில்

ஓபன்பிஎஸ்டியில் 6.8 முதல் கர்னலிலேயே இருக்கிறது. குவிக் இல்லாமல் "ஹோஸ்ட்நேம்.டபிள்யூஜி0" கோப்பும் "ஐஎஃப்கான்ஃபிக்" கட்டளையும் போதும், ஃபார்வர்டிங்கும் பிஎஃப் ஃபயர்வாலின் "நாட்" விதியும் நீங்களே எழுத வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் 13.2 முதல் கர்னல் மாட்யூல் வருகிறது. கான்ஃபிக் கோப்பின் இடம் "யுஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி/வயர்கார்டு", லினக்ஸ் பழக்கத்தில் "ஈடிசி" கீழே வைத்துவிட்டுத் தேடாதீர்கள். மேக்கில் கர்னல் வடிவம் இல்லை, வயர்கார்டு-கோதான் ஓடும். இன்டர்ஃபேஸுக்கு "யூடன்" என்ற பெயரும் ஓர் எண்ணும் வரும், டபிள்யூஜி0 என்று தேடினால் கிடைக்காது. கோப்பின் பெயரைக் கொடுத்தே ஏற்றவும் இறக்கவும் வேண்டும்.